குடை வசனம்

"காதுல மாட்டியாச்சா?"

"மாட்டிட்டேன் கண்ணு. ஆனா கரகரங்குது."

"அது உன் காதுமுடி. ஆடாம நில்லு."

பட்டாணி அளவிலிருந்த கருவியை ரூபர்ட்டின் காதுக்குள் அழுத்தி, அதன்மேல் நரைமுடியைச் சீவி மறைத்தார் பெரில் அம்மாள். லண்டன் நாடகக்காரர்கள் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்பெல்லாம் இல்லை, பெயர் ஞாபகம் இருக்காது.

ரூபர்ட் ஹாஸ்கெல்லுக்குப் பெயர் மட்டுமல்ல, எதுவுமே ஞாபகம் இருப்பதில்லை. ஐம்பது வருட நடிப்பு. மேடையில் ராஜா, சினிமாவில் பாதிரியார், டிவி தொடர்களில் முதல் பத்து நிமிடத்துக்குள் கொலையாகிற பணக்காரர். இப்போதெல்லாம் அந்தக் கடைசி வேடம்தான் அவருக்குப் பிடித்திருந்தது. பிணத்துக்கு வசனம் கிடையாது.

மேடையில் அந்த வசதி இல்லை. அதனால் பக்கத் திரைக்குப் பின்னால் பெரில் மைக்கோடு உட்கார்ந்து, வரி வரியாக எடுத்துக் கொடுப்பார். அது ரூபர்ட்டின் காதில் நுழைந்து, மூளைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக வாய் வழியே வெளியே வரும். ஆனால் என்ன குரல்! ஒத்திகையில் ஒருநாள் பெரில் மைக்கை அணைக்க மறந்து, "டீக்கு ரெண்டு சர்க்கரை போடுப்பா" என்று யாரிடமோ சொல்ல, சாகக் கிடக்கும் தம்பியாக நடித்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு ரூபர்ட் அதையே சொன்னார். அரங்கத்தைப் பெருக்க வந்த பெண் அழுதுவிட்டாள்.

நாடகத்தை எழுதி இயக்கிய ஜெரால்டு அழவில்லை.

"இன்னிக்கு முதல் காட்சி. பத்திரிகைக்காரங்க மொத்தமா வந்து உட்கார்ந்திருக்காங்க. ஒரு வரி பிசகினாலும் நாளையிலேர்ந்து காலின்தான் நடிப்பான். அவனுக்கு வசனம் மனப்பாடம். அப்புறம் பெரில், உங்களுக்கும் இங்க வேலை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாற்று நடிகனான காலின், ரூபர்ட்டின் கோட்டைப் போலவே தைத்த கோட்டை இப்போதே மாட்டிக்கொண்டு மூலையில் நின்றான்.

"உடம்பு எப்படி இருக்கு சார்?" வந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னும் இருக்குப்பா" என்றார் ரூபர்ட்.

முதல் இரண்டு அங்கங்களும் விபத்தில்லாமல் ஓடின. மூன்றாவதில் கடைசிக் காட்சி. கணவன் படுத்திய பாடு தாங்காமல் மனைவி பெட்டியோடு கிளம்புகிறாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள். கணவன் சொல்லவேண்டியது ஒரே வரி: "மழை வருது. குடை இருக்கா?" திரை.

அந்த வரியைக் கண்டாலே பெரிலுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒத்திகையிலேயே சண்டை போட்டிருந்தார்.

"இவ்வளவும் பண்ணிட்டு ஒருத்தன் குடையைப் பத்தியா பேசுவான்?"

"நம்ம ஊர் ஆம்பளைங்க அப்படித்தாங்க பேசுவாங்க" என்றார் ஜெரால்டு.

"அது எனக்குத் தெரியாதா?" என்று பெரில் முணுமுணுத்ததோடு அந்தச் சண்டை முடிந்தது.

மேடையில் மனைவி திரும்பிப் பார்த்தாள். ரூபர்ட் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். பெரில் ஸ்கிரிப்டைப் பார்த்தார். மூடி வைத்தார்.

"போகாதேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை" என்றார் மைக்கில்.

"போகாதேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை" என்றார் ரூபர்ட், கடைசி வரிசை வரைக்கும்.

காலின் பாய்ந்து வந்தான். "மேடம், இது ஸ்கிரிப்ட்லயே..." பெரில் அவன் வாயைப் பொத்தினார். விட்டால் ரூபர்ட் அதையும் சொல்லிவிடுவார். பெரில் மைக்கில் தொடர்ந்தார்.

"நீ என்னைவிடக் கெட்டிக்காரி. அது எனக்கு முதல் நாளே தெரியும். அந்தப் பயத்துலதான் உன்னை வீட்டுல உட்கார வெச்சேன். உன் கைதட்டலையும் சேர்த்து நானே வாங்கிக்கிட்டேன். தப்பு என்னோடது. முழுசா என்னோடது."

ஒரு சொல் விடாமல் ரூபர்ட் சொன்னார். மனைவியாக நடித்தவள் வெளியே போக மறந்து, பெட்டிமேல் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். சொந்த அப்பாவின் சவ அடக்கத்தில்கூடக் கண் கலங்காத ஜனங்கள் வரிசை வரிசையாகக் கைக்குட்டை தேடினார்கள். திரை விழுந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை.

ஒப்பனை அறையில், எப்படியும் வேலை போய்விட்டது என்று பெரில் தன் கைப்பையை எடுத்து வைத்துக்கொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஜெரால்டின் கண்கள் சிவந்திருந்தன.

"அந்தக் கடைசி வசனம்! எப்ப எழுதினேன்னே எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா எவ்வளவு நல்லா எழுதியிருக்கேன்! ரூபர்ட், நாடகம் ஓடுற வரைக்கும் நீங்கதான். ஒவ்வொரு காட்சியிலயும் அந்த வசனம் வேணும், ஒரு எழுத்து மாறக் கூடாது."

மூலையில் நின்ற காலின் சத்தமில்லாமல் கோட்டைக் கழற்றினான். ஜெரால்டும் அவனும் வெளியேறினார்கள்.

ரூபர்ட் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி மேசையில் வைத்தார். "அதைச் சொல்றப்ப நெஞ்சை என்னமோ பண்ணுச்சு கண்ணு. இதை நான் முன்னாடியே எங்கயோ சொல்லியிருக்கேனோ?"

"இல்லை, சொல்லலை" என்றார் பெரில், கருவியைத் துடைத்துக்கொண்டே. "நமக்கு விவாகரத்து ஆன அன்னிக்கு, கோர்ட்டு வாசல்ல, நீ இதைச் சொல்லுவேன்னு நான் நனைஞ்சுக்கிட்டே நின்னேன். நீ வானத்தைப் பார்த்துட்டு, குடை இருக்கான்னு கேட்ட. நாளைக்குப் புதன்கிழமை, ரெண்டு காட்சி. தொண்டையைப் பத்திரமா பார்த்துக்கோ."