நூற்று முப்பதைத் தாண்டக் கூடாது

"நூத்திப் பதினெட்டு! வாயை மூடிக்கிட்டு நடங்க, டான்யால்!" நாடித்துடிப்பு காட்டும் திரையைப் பார்த்துக் கத்தினாள் மார்யுன்.

டான்யால் எங்கே வாயை மூடினான்! பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். ஒலி கேட்பதற்குள் அடுத்த கூம்பை எட்ட வேண்டும். ஒலியோ போகப் போக அவசரப்படுத்தும். ஐம்பது வயது, பைபாஸ் செய்த நெஞ்சு. ஆனால் நடை என்னவோ திருவிழாவுக்குப் போகிற நடை.

ஃபாரோ தீவுகளின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் மார்யுன். கல்யாணம் ஆகாதவள், கறாரானவள். டான்யால் மீன் பண்ணையில் படகோட்டும் தனிக்கட்டை. எட்டு வாரத்துக்கு முன் முதல் சோதனையில் அவன் நடந்தது முந்நூற்றுப் பத்து மீட்டர்.

"எழுபது மீட்டர் கூடினாத்தான் நிஜமாவே தேறிட்டீங்கன்னு எழுதுவேன். இருபது முப்பது கூடினா, காலையில குடிச்ச காபி நல்லா இருந்துச்சுன்னுதான் அர்த்தம்" என்று சொல்லியிருந்தாள். நாடித்துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டினாலும் போச்சு.

அவள் எழுதிக் கொடுத்தால், அக்டோபரில் ஊரோடு மலையேறி ஆடுகளை ஓட்டி வரலாம். இல்லையென்றால் போன வருஷம் மாதிரியே அடிவாரத்தில் உட்கார்ந்து சூப்புக்குக் கிழங்கு நறுக்க வேண்டும். ஐயோ, அதைவிட இன்னொரு ஆபரேஷனே தேவலை!

இன்று சோதனைக்கு முன் மார்யுன் எதையும் விட்டுவைக்கவில்லை. ஷூ நாடாவைப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், நாடியைத் திரைக்கு அனுப்பும் பெல்ட்டை எப்படி இறுக்குவது என்று தானே ஸ்வெட்டருக்குள் மாட்டிக் காட்டினாள். பிறகுதான் ஒலியை ஓடவிட்டாள்.

"டீச்சரம்மா, ஸ்வெட்டர் புதுசா? உங்களுக்கு எடுப்பா இருக்கே!"

நூற்று இருபத்தைந்து.

"பேசினா நாடி எகிறுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு மூச்சுகூட வாங்கலையே!"

"உங்க நெஞ்சைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பேசாம போங்க!"

முந்நூற்று அறுபது. முந்நூற்று எழுபது. முந்நூற்று எண்பது மீட்டர்!

"தாண்டிட்டீங்க!" மேஜையைத் தட்டிக்கொண்டு குதித்தாள் மார்யுன். கூடவே டான்யாலும் குதித்தான்.

"ஆடுகளை இறக்கினதும் ஊரே கைகோத்து ஆடும்ல? என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடுறீங்களா?"

நூற்று முப்பத்தாறு!

"நில்லுங்க!" பதறிப்போய் ஒலியை அணைத்தாள். "கெடுத்தீங்களே! இதுக்கு மேல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

டான்யாலின் முகம் தொங்கிப்போயிற்று. மனசு கேட்காமல் மார்யுன் அவன் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துத் தானே எண்ணினாள். தொண்ணூற்றெட்டு. மறுபடியும் எண்ணினாள். அதே தொண்ணூற்றெட்டு.

திரையிலோ நூற்று நாற்பத்தொன்று. அவள் கையை விடவில்லை, நூற்று நாற்பத்தைந்து.

"பாழாப்போன மெஷின்! என்ன கேடு வந்துச்சு இதுக்கு?"

டான்யால் தன் பனியனைத் தடவிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பாகி, அவள் காதருகே குனிந்தான்.

"மெஷினைத் திட்டாதீங்க டீச்சரம்மா, பெல்ட் உங்க நெஞ்சிலதான் இருக்கு!"