சபோகத் வீட்டு வாசல்

"இன்னிக்கும் அங்கதான் நிக்கிறாருக்கா, அந்த சபோகத் வீட்டு வாசல்ல. முக்காலி வேற போட்டு உட்கார வெச்சிருக்கா!"

பக்கத்து வீட்டு இனோபாத் சொல்லிவிட்டுப் போனதும், ஹதிச்சாவுக்கு ரொட்டி மாவு பிசையக் கை ஓடவில்லை. மர்கிலான் ஊரில் எத்தனையோ வாசல்கள் இருக்க, புருஷன் செத்து, மகனும் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்ட ஒருத்தியின் வாசல்தானா கிடைத்தது?

தன் புருஷன் எர்காஷ் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"தினமும் அவ வீட்ல என்னங்க வேலை?"

"வேலை ஒண்ணுமில்ல. கடைவீதியிலேருந்து அவ்வளவு தூரம் வந்ததும் ரெண்டு தொடையும் இறுக்கிப் பிடிச்சுக்குது. கொஞ்சம் நின்னா விட்டுடுது."

"பிடிக்கிற தொடை நாலு வீடு தள்ளி முல்லா வீட்டு வாசல்ல பிடிக்கக் கூடாதா?"

"அதை நீயே தொடைகிட்ட கேளு."

மறுநாளே அவரைப் பெர்கானா நகரத்துக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பொய் அங்கே பிடிபடட்டும் என்றுதான்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதயத்திலேருந்து வயித்து வழியா காலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய், தொப்புள் பக்கத்துல சுருங்கிப்போச்சு. நடந்தா கால் ரத்தம் கேட்கும், கிடைக்காது. நின்னுதான் ஆகணும்."

"தினமும் ஒரே இடத்துலயா டாக்டர்?"

"அதே தூரம் நடந்தா அதே இடத்துலதான்மா வலிக்கும்."

ஹதிச்சா அழுதே விட்டாள். டாக்டர் பதறினார். "பயப்படாதீங்கம்மா, வயித்தைக் கிழிக்க வேணாம். தொடை இடுக்கு வழியா ஸ்டென்ட் வெச்சு விரிச்சுடலாம்."

வைத்தார்கள். வீடு திரும்பியதும் ஹதிச்சா முதலில் இனோபாத்தைத்தான் கூப்பிட்டாள்.

"பாத்தியா? கால் வலிதான். வேற ஒண்ணுமில்ல."

"வலின்னே வெச்சுக்குவோம். அவரு ஆஸ்பத்திரியில இருந்த நாளெல்லாம் அந்த முக்காலி மழையில நனைஞ்சுக்கிட்டு வெளியிலேயே கிடந்துச்சே! அது யாரு வலிக்காக?"

சிகிச்சைக்குப் பிறகு எர்காஷ் முதல் தடவையாகத் தனியாகக் கடைவீதிக்குக் கிளம்பிய மாலை, ஹதிச்சா சபோகத் வீட்டுக்கு எதிரே இருந்த மல்பெரி மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

திரும்பி வந்தார். எங்கும் நிற்காமல், இளவட்டம் மாதிரி நடந்து வந்தார். அந்த வாசல் வந்ததும் நடை தளர்ந்தது. நின்றார். முக்காலியில் உட்கார்ந்தார்.

சபோகத் தேநீர்க் கெண்டியும் கிண்ணமுமாக வந்தாள்.

"இன்னும் வலிக்குதா?"

"இல்ல. சுத்தமா இல்ல."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

எர்காஷ் முக்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சபோகத் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாள் தெருமுனையைப் பார்த்திருந்த கண்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து ஹதிச்சா அந்தக் கிண்ணத்தையே பார்த்தாள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர்க் கிண்ணத்தை நிரப்பமாட்டார்கள். கொஞ்சமாக ஊற்றினால், 'இன்னும் இரு, திரும்பக் கேள்' என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால், 'எழுந்து போ.'

சபோகத் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள்.