வேர்ப்பேன் வந்த வழி

பொக்லைன் முதல் திராட்சைக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டது. டீச்சர் அழவில்லை. அழுது தொலைத்திருந்தால் பூச்சி சாருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. யார் கூப்பிட்டார்கள்? வட்டார மன்றத்தின் பயிர்ப்பூச்சி ஆய்வாளர், அதனால் பூச்சி சார். முதுகுக்குப் பின்னால் வெறும் பூச்சி.

மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. ஒரே ஒரு கொடியின் வேரில் பேன் இருந்தாலும் போதும், மொத்தத் தோட்டத்தையும் பிடுங்கி எரிக்கச் சொல்லலாம். சொந்தக்காரர் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்?

வேர்ப்பேன் கடுகில் பாதிகூட இருக்காது. பறக்கத் தெரியாது. மண்ணுக்குள்ளேயே கிடந்து வேரை உறிஞ்சும். இலை வாடி வெளியே தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மொத்தம் நாற்பத்தோரு வரிசை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே டீச்சர் முதல் வரிசையை நட்டார். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத ஒண்டிக்கட்டை. "இதுங்கதான் என் கடைசி வகுப்பு, ஒண்ணுகூட எதிர்த்துப் பேசாது" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பூச்சி சாருக்கு நாலு நாளாக உடம்பு தன்னுடையது மாதிரியே இல்லை. திங்கட்கிழமைத் தோட்டத்தில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். செவ்வாயன்று ஜீப்பை மறித்தார்கள். நேற்று ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று வியாழன், டீச்சர் தோட்டம். மாதா மாதம் சோதனைக்கு அவர் தோட்டம் தோட்டமாகப் போவதும் இதே முறையில்தான், திங்கட்கிழமைத் தோட்டம் முதலில், டீச்சர் தோட்டம் நாலாவது.

படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. பூச்சி வந்த வழி.

அதில்தான் டீச்சரின் மிச்ச காலம் இருந்தது. உரிமையாளரின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் பத்து வருடத்துக்கு அந்த மண்ணில் ஒரு கொடி நட முடியாது. இல்லையென்றால் இரண்டே வருடம். டீச்சருக்கு இப்போதே அறுபத்தெட்டு.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்க தம்பி" என்றார் டீச்சர். "நாத்து வெளியில வாங்கல. ஆள் வெச்சுக்கல, கவாத்துகூட நானேதான். கேட்டுக்கு எப்பவும் பூட்டு. மாசம் ஒருதடவை நீங்க வந்து பாக்குறதோட சரி, வேற ஈ காக்கா இந்தப் பக்கம் வர்றதில்ல."

பூச்சி சார் பேனா மூடியைத் திறந்தார்.

பிறகு 'தெரியவில்லை' என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அப்புறம்தான் அவருக்குக் கண் கலங்கியது. "எங்க என் தலையில கட்டிடுவீங்களோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன். நீங்க நல்லா இருக்கணும்."

பூச்சி சார் தலையை ஆட்டினார். சந்தோஷம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பொக்லைன் அடுத்த வரிசைக்குத் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

"தம்பி, ஒரு நிமிஷம்!"

ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் தேய்க்கிற பிரஷ். டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்து கேட்டருகில் அவரை நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"உங்க நோட்டீஸ்லயே போட்டிருக்கே. பேன் மண்ணோட ஒட்டிக்கிட்டுப் போகுமாம், வெளிய போறவங்க பூட்ஸை மருந்துத் தண்ணியில கழுவணுமாம். என் தோட்டத்தால இன்னொருத்தர் தோட்டம் போச்சுன்னு இருக்கக் கூடாது. காலைக் காட்டுங்க."

நானே கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வலது காலைத் தூக்கிக் காட்டினார்.

டீச்சர் கீழே உட்கார்ந்து அடிப்பாகத்தைத் தேய்த்தார். முதலில் கறுப்பு மண் கரைந்து விழுந்தது, அது அவர் தோட்டத்து மண். பள்ளங்களில் இறுகிக் கிடந்ததை விரலால் நோண்டினார். அது சிவப்பாக வந்தது. நாலு நாள் மண் அல்ல, மாதக்கணக்கில் கெட்டித்துப்போன மண். டீச்சர் தோட்டத்தில் மருந்துக்குக்கூடச் செம்மண் கிடையாது.

பிரஷ் நின்றது.

"இது யாரு தோட்டத்து மண்ணு தம்பி?"

"முதல்ல பேன் வந்த தோட்டம், டீச்சர்" என்றார் பூச்சி சார். சொல்லிவிட்டு இடது காலையும் காட்டினார்.