வீரபாண்டியனின் சிப்பிப் பை

காரைக்குடியில் கடல் கிடையாது. அந்தக் குறையை வீரபாண்டியன் பேசியே தீர்த்து வைத்தார். முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலடியில் விசிறிச் சிப்பி எடுப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. தனியாக இறங்கக் கூடாது, சிப்பிப் பையை உடம்போடு கட்டக் கூடாது என்று டீக்கடையில் தினமும் வகுப்பெடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டிக் கடலுக்குக் கூட்டாளி வரவில்லை. தனியாகவே இறங்கினார், பையையும் இடுப்பில் கட்டிக்கொண்டார். முப்பதடி ஆழத்தில் பை பாறையிடுக்கில் சிக்கியது. முடிச்சு அவிழவில்லை. காற்று தீரப்போகிற நேரத்தில், பின்னாலிருந்து இரண்டு கைகள் முடிச்சை அவிழ்த்து அவரை மேலே தள்ளிவிட்டன. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

வீட்டில் மனைவி நாகஜோதி சோறு போட்டாள். ஊருணியில் கால் நனைக்கவே பயப்படுகிறவள்.

"தனியாவா இறங்குனீக?"

"சேச்சே, கூட ஆள் இருந்துச்சு."

"இருந்துச்சுல்ல? ஊருக்கெல்லாம் உபதேசம், நம்ம இடுப்புல மட்டும் ரெட்டை முடிச்சாக்கும்!"

முடிச்சைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நாகஜோதி தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் இரண்டு முறை குதித்தாள். காதிலிருந்து தண்ணீர் கொட்டியது. வீரபாண்டியன் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக விளக்கம் எதுவும் சொல்லாமல், துண்டை எடுத்துவந்து அவள் தலையைத் துவட்டிவிட்டார்.