பத்து மணிப் பசி

"பாடம் நடக்கும்போதே டீச்சர் டப்பாவைத் திறந்து மெல்லுறாங்களாம். பிள்ளைங்களையும் சேர்த்துத் தின்ன வைக்கிறாங்க. இது வகுப்பா, சாப்பாட்டுக் கடையா?"

பெற்றோர் கூட்டத்தில் தபால்காரர் எழுந்து கேட்டதும் கூடமே சிரித்தது.

கடைசி பெஞ்சில் இருந்த ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவள் மகளுக்கு எச்.ஐ.வி. தொற்று. பிறக்கும்போதே அவளிடமிருந்து வந்தது. காலையில் மாத்திரை போட்டால் பத்து மணிக்குக் குமட்டும். இரண்டு பிஸ்கட் உள்ளே போனால் அடங்கிவிடும். 'வயித்துக் கோளாறு' என்று மட்டும் டீச்சரிடம் சொல்லி வைத்திருந்தாள். நல்லவேளை, டீச்சரும் தீனிப்பிரியை. அந்தப் புண்ணியத்தில் மகள் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர் இதெல்லாம்?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"பத்து மணியானா எனக்குப் பசி தாங்காது மேடம். குழந்தைங்க பார்த்துக்கிட்டிருக்க நான் மட்டும் சாப்பிட்டா வயிறு வலிக்காதா?"

"பாவம், பச்சைக் குழந்தை!" யாரோ கிண்டலடித்தார்கள்.

"நாளையிலேருந்து நிறுத்திடலாமா?" ஹெட்மிஸ்ட்ரஸ் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

மளமளவென்று கைகள் உயர்ந்தன.

அவள் எழுந்தாள்.

"போன வருஷம் என் பொண்ணு பாதி நாள் ஸ்கூலுக்கே வரலை. இந்த வருஷம் ஒரு நாள் லீவு கிடையாது. வாய்ப்பாட்டைத் தலைகீழா ஒப்பிக்கிறா. டீச்சர் சாப்பிட்டதால யார் பிள்ளைக்குப் படிப்பு கெட்டுதுன்னு சொல்லிட்டு நிறுத்துங்க."

தபால்காரர் தலையைச் சொறிந்தார். "படிப்புல என் பையனும் ஒண்ணும் மோசமில்லைதான்..."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

கூட்டம் கலைந்ததும் அவள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை டீச்சரிடம் நீட்டினாள்.

"உங்க பத்து மணிப் பசிக்கு, டீச்சர்."

டீச்சர் சிரித்தார். "எனக்கெதுக்கும்மா? காலையில சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணிகூட இறங்காது. என் டப்பா காலி. சும்மா வாயை அசைப்பேன்."

"அப்போ எதுக்கு டீச்சர் இவ்வளவு பேச்சு வாங்கினீங்க?"

"உங்க பொண்ணுக்கு என்னன்னு நான் கேட்கலை, கேட்கவும் மாட்டேன். ஆனா நாற்பது வாய் மெல்லும்போது, அதுல ஒரு வாய் எதுக்காக மெல்லுதுன்னு யாரும்மா பார்க்கப் போறா?"