ஆவுடையப்பன் வீட்டுத் தண்ணீர்

டிரம் இரண்டும் மறுபடி காலி.

போன தடவை விளிம்பு தட்ட நிரப்பி, வாசலைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவள் சொர்ணம்மாதான். பூட்டு போட்டபடியே இருக்கிறது. உள்ளே டிரம்கள் மட்டும் கவிழ்ந்து கிடக்கின்றன.

பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததும், அவர் மனைவி அஸ்தியோடு தீவை விட்டு மெயின்லேண்ட் கப்பல் ஏறினாள். "சாவி உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. வீட்டைப் பாத்துக்கோங்க" என்றாள்.

ஜங்லிகாட் பகுதியில் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது. குழாயில் நினைத்த நேரத்திலா வருகிறது? வரும் நாளில் பிடிக்காமல் விட்டால் பாவம். ஆளில்லாத வீடானால் என்ன, டிரம் இருக்கிறதே! பழசின்மேல் புதுசை ஊற்றி, எப்போதும் நிறைத்தே வைத்திருந்தாள்.

பிறகுதான் தெருவுக்கு டெங்கு வந்தது. பின்வீட்டு ஜெயராணியின் ஒரே மகள் சங்கவி, யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள், உயிரோடு திரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் டிரம்கள் காலியாக ஆரம்பித்தன.

சொர்ணம்மா முடிவே கட்டிவிட்டாள். ஆவுடையப்பனுக்குத் தாகம். அது அடங்காமல்தான் பிள்ளைகளைப் பிடிக்கிறார். இப்போது எதிர்வீட்டுப் பிள்ளை வேறு காய்ச்சலில் கிடக்கிறது. அதையும் கொண்டுபோய்விட்டால்?

"அண்ணாச்சி, வயிறு நிறையக் குடிங்க. அந்தப் புள்ளைய விட்டுருங்க" என்று முணுமுணுத்தபடி மறுபடி நிரப்பினாள். கற்பூரமும் காட்டினாள்.

சில நாள் கழித்து, பொழுது சாயும் நேரம். பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் சரியும் சத்தம் கேட்டது. அப்புறம் சர்... சர்... என்று எதையோ தேய்க்கும் சத்தம்.

மனுஷன் குளிக்கிறாரா?

முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்து பின்கட்டுக்குப் போனாள். மங்கிய வெளிச்சத்தில், தலைவிரிகோலமாய் ஓர் உருவம் டிரம்முக்குள் பாதி உடம்பை விட்டிருந்தது.

உருவம் நிமிர்ந்தது. ஜெயராணி!

பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. "அடிப்பாவி! செத்தவர் வீட்டுத் தண்ணியத் திருடவா சுவரேறிக் குதிச்சே?"

"ஆமாக்கா. தண்ணிக்குத்தான் வந்தேன்" என்ற ஜெயராணி, இன்னொரு டிரம்மை மறைத்துக்கொண்டு நின்றாள். "நீங்க வீட்டுக்குப் போங்க."

"என்னத்தடி மறைக்கிறே?" சொர்ணம்மா அவள் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி உள்ளே அடித்தாள்.

தண்ணீரில் நூல்நூலாக நெளிந்தன.

சுகாதாரத்துறைக்காரர்கள் வீடுவீடாகப் பாட்டிலில் காட்டிவிட்டுப் போன அதே புழு. டெங்குக் கொசுவின் புழு. கொட்டினால் போதாது, முட்டை உள்பக்கம் ஒட்டியிருக்கும், தேய்க்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். சொர்ணம்மா தன் வீட்டு டிரம்மைப் பளபளவென்று தேய்த்தாள். தாலா போட்டுப் பூட்டிய வீடு என்று அவர்கள் இதற்குள் வரவில்லை. அவளுக்கும் இது கணக்கில் சேரும் என்று தோன்றவில்லை.

இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காது என்றும் சொன்னார்களே!

பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயராணியின் வீடு.

சொர்ணம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, சங்கவி... ஜெயராணி, இந்தத் தண்ணிய... நான்தான்..."

ஜெயராணி ஈரக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"சத்தமாச் சொல்லாதீங்கக்கா. நீங்க நிரப்புறத முன்னாடியே பாத்துட்டேன். தெரிஞ்சா தாங்கமாட்டீங்கன்னுதான் சுவரேறிக்கிட்டிருந்தேன்."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"நிரப்புறவன் கையில கிடைச்சா வெட்டிடுவேன்னு நின்னாரு" என்றாள் ஜெயராணி. "அது ஆவுடையப்பன் அண்ணாச்சியோட ஆவின்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டேன்."