பதினோரு துறைப் பேராசிரியர் மீது ஒரு புகார்

"அக்கா, இதுல ஒரு சாப் அடிச்சுக் குடுங்க. இன்னிக்கே டீன் மேசைக்குப் போயாகணும்."

நாற்பது பக்கப் புகாரைச் செல்வராணியின் முன்னால் பொத்தென்று போட்டான் விரிவுரையாளன் அர்ச்சுனன். ஜொகூர் பாருவில் பேர் சொல்ல வேண்டாத ஒரு பல்கலைக்கழகம் அது. அதன் ஆய்வுப் பிரிவில் இருபது வருஷமாகச் சாப், அதாவது முத்திரை, குத்துகிறவள் செல்வராணி.

"யாரு மேல லா, இவ்வளவு கனமா?"

"வேற யாரு? புரோபசர் ஹேமநாதன்தான்."

ஹேமநாதன் என்றால் சும்மாவா? நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகள். பதினோரு துறைகள். காலையில் பல் சொத்தை, மத்தியானம் தொங்கு பாலம், சாயங்காலம் தமிழ் இலக்கணம். மற்றவர்கள் தும்மினால் சளி வரும். அவர் தும்மினால் கட்டுரை வரும். மூக்கைத் துடைப்பதற்குள் அது அச்சாகியும் விடும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தில் கிடந்த மூன்று நாளில் அவர் நாலு கட்டுரை வெளியிட்டதாகச் சத்தியம் செய்கிறவர்கள் இன்னும் கேன்டீனில் இருக்கிறார்கள்.

"அத்தனையையும் உள்ள பட்டியல் போட்டிருக்கேன். எல்லாம் குப்பைக்கா. கோழிப் பண்ணையப் பத்தி எழுதினதுல கோழிங்கிற வார்த்தையத் தூக்கிட்டு, சுற்றுப்பயணின்னு போட்டு, சுற்றுலாத் துறையில இன்னொரு கட்டுரை ஆக்கிட்டாரு. சிங்கப்பூர்லருந்து வர்ற சுற்றுப்பயணி இருபத்திரண்டாவது வாரத்துல முட்டை போட ஆரம்பிக்கிறான்னு அச்சுல இருக்கு!"

"போடுவான் லா. சிங்கப்பூர்ப் பாலத்து ஜாம்ல நாலு மணி நேரம் நின்னா யாரா இருந்தாலும் போடுவான்."

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. நியாயத்துக்காகப் புறப்பட்டவனுக்குச் சிரிக்க ஏது நேரம்?

"டீன் சொல்லிட்டாரு. புகார் பதிவானா நானூற்றுப் பன்னிரண்டையும் பல்கலைக்கழகப் பதிவுலருந்தே அடிச்சிருவாங்க."

"அது சரி. திங்கக்கிழமை உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற கூட்டம் இல்ல? அதப் பாருங்க முதல்ல."

"அதுல எனக்கென்னக்கா பயம்?"

உண்மையிலேயே பயமில்லை. ஆறு வருஷத்தில் அவன் எழுதியது ஒரே கட்டுரை. பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களின் கைகளில் வரும் புண்ணைப் பற்றியது. நாலு வருஷம் தோட்டம் தோட்டமாக அலைந்து எழுதினான். வேலை நீடிக்க வேண்டுமானால் அந்தக் கட்டுரையை வேறு பத்துக் கட்டுரைகளாவது மேற்கோள் காட்டியிருக்க வேண்டும் என்பது விதி. அவனுக்குப் பதினாலு இருந்தது.

"நான் யார் கையையும் காலையும் பிடிக்கல. சரக்கு நல்லா இருந்தா உலகம் தானா தேடி வரும்." கேன்டீனில் தினமும் ஒப்பிப்பதை இங்கேயும் ஒப்பித்தான்.

"வரும், வரும்," என்றபடி செல்வராணி கணினியில் எதையோ தட்டினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"புகார் குடுக்கறவருக்கும் யார் மேல குடுக்கறாரோ அவருக்கும் எதுவும் சம்பந்தம் இருக்கான்னு பாக்கணும். சாப் அடிக்கறதுக்கு முந்தி அதான் விதி."

"அவருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? முகம் குடுத்துப் பேசினதுகூட இல்ல."

அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அதை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பதினாலு கட்டுரைன்னீங்களே டாக்டர். பதினாலும் ஒரே ஆள் எழுதினது."

அர்ச்சுனன் குனிந்து படித்தான். 'தொங்கு பாலத்துக் கம்பிகள் அன்னாசித் தொழிலாளர் கைகளைப் போலவே அரிக்கின்றன (காண்க: அர்ச்சுனன்).' 'சொத்தைப் பல்லின் வலி பற்றி விரிவாக அறிய (காண்க: அர்ச்சுனன்).' இலக்கணக் கட்டுரையில்கூட அவன் இருந்தான், ஆறாம் வேற்றுமைக்கு உதாரணமாக. 'அர்ச்சுனனது ஆய்வு.'

"அலமாக்..." என்று தலையில் கை வைத்தான்.

"போன வருஷம் புரோபசர் இங்க வந்து நின்னாரு. 'அந்த அன்னாசிப் பையன் உசுரக் குடுத்து எழுதியிருக்கான், ஒருத்தனும் சீண்டல, வேலைக்கு எத்தனை வேணும்?'னு கேட்டாரு. பத்துன்னேன். சொந்தக் கட்டுரையவே படிக்காத மனுஷன், உங்களோடத மட்டும் ரெண்டு தடவை படிச்சாராம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் வாயக் கட்டிட்டுப் போனாரு."

வெளியே யாரோ தே தாரேக் டீ வாங்கப் போகலாமா என்று யாரையோ கேட்டார்கள். அர்ச்சுனன் காதில் விழவில்லை.

"அவரோட நானூற்றுப் பன்னிரண்டையும் அடிச்சா..."

"உங்க பதினாலும் போயிடும்."

செல்வராணி முத்திரையை மையில் ஒத்தி எடுத்துப் புகாரின் மேல் தூக்கிப் பிடித்தாள்.

"அடிக்கட்டுமா டாக்டர்? நியாயம் காத்துக்கிட்டிருக்கு."

அர்ச்சுனன் அவள் கையைத் தடுத்தான். முதல் பக்கத்தை மட்டும் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"உள்ள இருக்கிற பட்டியல் அப்படியே இருக்கட்டும்க்கா. மேல மட்டும் 'பல்துறைச் சாதனையாளர் விருதுக்குப் பரிந்துரை'ன்னு போட்டுடலாம்."